பதினான்காவது ஜெர்சி

அஜ்மான் சனையாவில்
டயர் கடைக்கும் ஏசி கழுவும் கடைக்கும் நடுவில்
எங்கள் ஷட்டர்.
ஓவர்லாக் ஒன்று. பேட்லாக் ஒன்று.
பெயர் ஒட்டும் சூட்டுப் பெட்டி ஒன்று.
கல்லாவில் ஹம்சாக்கா,
கைமடிக்க பிம் பகதூர்,
மிஷினில் நான்.

பவர்டேபிளில் பொம்பளை உட்கார்ந்தால்
பீஸ் ஏறாது என்றார் திருப்பூரில் ஒரு காண்ட்ராக்டர்.
பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

பனியன் துணி பிடிவாதக்காரி.
வெட்டினால் பிரிய மாட்டாள், சுருண்டுகொள்வாள்.
இழுத்துத் தைத்தால் அப்போது ஒன்றும் சொல்ல மாட்டாள்;
ஊசியைத் தாண்டி வெளியே வந்ததும்
ஓரமெல்லாம் அலை அலையாய்க் காட்டிக்கொடுப்பாள்.
அதற்குத்தான் அடியில் இரண்டு பல்வரிசை:
முன்பல் கொஞ்சம் அதிகமாக ஊட்ட வேண்டும்,
பின்பல் அவசரப்படாமல் விழுங்க வேண்டும்.
திருகை எங்கே நிறுத்துவது என்று
எண் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது.
விரல் சொல்லும்.
காற்றே நனைந்து கிடக்கும் ஆகஸ்டில்
விரலும் மாற்றிச் சொல்லும்.

சாரம் கட்டும் கம்பெனியின் கேம்ப் அணி.
பதினான்கு ஜெர்சி, மாம்பழ மஞ்சள்.
ஞாயிறு விடியலில் மேட்ச்.
சனி சாயங்காலமே வால் நூல் நறுக்கி
பிம் எல்லாவற்றையும் கவரில் போட்டுவிட்டான்.

ஏழு மணிக்குக் கேப்டன் போன்:
"அக்கா, கீப்பர் மகிபாலனுக்கு விசா கேன்சல்.
ராத்திரி பிளைட். பதிலுக்கு இருதயராஜ்."
எந்த இருதயராஜ்?
"கிரேன் ஓட்டுறாரே."

தெரியும். எங்கள் கடைக்குள்
பக்கவாட்டில்தான் நுழைவார்.
மகிபாலனுக்கு முப்பத்தாறு, இவருக்கு நாற்பத்தாறு.

"கொஞ்சம் பிரிச்சு விட்டுடுங்க" என்றார் கேப்டன்,
ஜாக்கெட்டைச் சொல்வதுபோல.

அடிமடி பிரிவது ஒன்றுமில்லை.
பேட்லாக் தையலின் கடைசிக் கண்ணைக் கண்டுபிடித்து
சரியான நூலை இழுத்தால்
சர்ரென்று சுற்று முழுக்க வந்துவிடும்,
கணக்கு முடிந்த ஆள்
நாற்காலியை விட்டு எழுவதுபோல.
ஆனால் ஓவர்லாக் அப்படியில்லை.
அதற்குக் கத்தி முன்னால், ஊசி பின்னால்.
வெட்டிவிட்டுத்தான் தைக்கும்.
உள்ளே பிரித்துவிட ஒரு விரற்கடை கிடையாது.
காலடி டப்பாவில் பதினான்கு பேரின் ஓரங்களும்
மஞ்சள் நூடுல்ஸாய்க் கலந்து கிடந்தன.
எது மகிபாலனுடையது?
பிம் கையை விட்டுத் துழாவிப் பார்த்தான், பாவம்.

பள்ளிக்கூட ஆர்டரில் மிஞ்சிய கறுப்பு ரிப் இருந்தது.
இரண்டு பக்கமும் நீளமாய் வெட்டித் திறந்து
அக்குளிலிருந்து அடிவரை பட்டை வைத்தேன்.
நான்கு ஓட்டம். ரிப் தாராளமாய் இழுபடும்,
மஞ்சள் இழுபடாது.
ஒன்றைத் தளர்த்தி ஒன்றைப் பிடித்து
இரண்டையும் ஒரே நீளம் என்று நம்பவைக்க
மூன்று முறை பிரித்தேன்.

முதுகில் மகிபாலன் பெயர்.
உரித்தால் எழுத்து தழும்பாய் நிற்கும்;
மேலே வேறு பெயர் ஒட்டினால்
இரண்டு பேரும் சேர்ந்து தெரிவார்கள்.
ஹம்சாக்கா தாடையைச் சொறிந்துவிட்டு
"இருக்கட்டும்" என்றார்.

பத்து மணிக்கு ஏர்போர்ட் வேன் வாசலில் நின்றது.
இறங்கி வந்தவன் மகிபாலன்.
மேஜையில் கிடந்ததை எடுத்து
மார்பில் வைத்துப் பார்த்தான்.
"எனக்கு லூசா இருக்குமேக்கா."
ஆமாம் என்றேன்.
பட்டையை இரண்டு விரலால் இழுத்தான்,
விட்டான், பழையபடி சேர்ந்துகொண்டது.
ஹாரன் அடித்தது.

அவன் போன பிறகு அடிமடி ஓட்டினேன்.
முடிவில் வழக்கமாக நூலை நறுக்கிவிடுவேன்.
இந்த முறை வாலை உள்ளே இழுத்து
கையால் முடிச்சுப் போட்டேன், இரண்டு.

ஞாயிறு பிம் வீடியோ காட்டினான்.
மணல் மைதானம், கேம்பே திரண்டு
"மகீ! மகீ!" என்று கத்துகிறது.
இருதயராஜ் திரும்புகிறார்.
இரண்டு கேட்சை விட்டார்.
தையல் எதையும் விடவில்லை.

மறுநாள் கேப்டன் வந்தார்.
மற்ற பதிமூன்றுக்கும்
அந்தக் கறுப்புப் பட்டை வேண்டுமாம்.

ரிப் தீர்ந்துவிட்டது என்றேன்.