சொட்டு

மூன்றாவது கடிதமும் வந்துவிட்டது,
சுண்ட்ஸ்வாலில் இலைகள் பாதி உதிர்ந்த வாரம்.
குடியிருப்போர் சங்கம் எழுதுகிறது:
பதினான்காம் எண் நிறுத்தத்தில்
மீண்டும் எண்ணெய்க் கறை.
மீண்டும் என்பதன் கீழே பேனாக்கோடு.
யார் கை என்று தெரியும். மூன்றாம் மாடி வெண்டெலா.
என் காரைக் கடக்கும்வரை
நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்பவள்.

கார், அறுபத்தேழாம் வருடத்து வோல்வோ அமேசான்.
என்னைவிட ஒரு வயது மூத்தது.
என்னைப் போலவே
எங்கிருந்து கசிகிறது என்று சொல்லாது.
முதலில் அட்டை விரித்தேன்.
பிறகு பூனை மணல்.
பிறகு கேக் சுடும் தட்டு.
காலையில் குனிந்து தட்டை இழுத்துப் பார்க்காமல்
காப்பி இறங்காது என்றாகிவிட்டது:
நேற்று ஒரு குரோனா நாணயம் அளவு,
இன்று ஐந்து.

பிர்ஸ்தாவில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பட்டறை.
காரை உயர்த்தி, அடியில் நின்று, விளக்கடித்தபோதுதான் புரிந்தது,
எண்ணெய்த் தொட்டி இறங்க வழியில்லை.
குறுக்கே ஓர் இரும்புச் சட்டம்.
தொட்டியை இறக்க
எஞ்சினைத் தூக்க வேண்டும்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
பக்கத்து மேடையில் பிரேக் மாற்றிக்கொண்டிருந்த தெக்லே,
நாலாம் எண் பஸ் ஓட்டுகிறவர்,
கேட்காமலே வந்து சங்கிலியைப் பிடித்தார்.
அரை விரல். இன்னும் அரை விரல்.
போதும்.

போல்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம்.
சில தொட்டதும் வந்தன.
ஒன்று தலையை மட்டும் கொடுத்து
உடலைத் தர மறுத்தது.
கடைசியில் தொட்டி சப்பென்று
பழைய கார்க்கை விட்டுப் பிரிந்தது.
வடித்ததுபோக மிச்சமெல்லாம்
என் முழங்கை வரை கறுப்பாய் வழிந்தது.

அடிப்புறத்தைத் துடைத்துக் கட்டை விரலால் அழுத்தினேன்.
தகடு பிஸ்கட் மாதிரி உள்ளே போனது.
யாரோ ஓட்டையில் பசை அப்பி
மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துத்
தள்ளிவிட்டிருக்கிறார்கள்.
அந்த யாரோவின் பெயர் ஸ்டெல்லான்.
பதினோரு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம்.
பிரிந்தபோது வீடு அவனுக்கு, கார் எனக்கு.

சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்முன்
தொட்டியின் அடியில் உறைந்த சேற்றில்
விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது.
கல் இல்லை. இரும்பும் இல்லை.
பழுப்பாய், நார் நாராய், ஓரம் பிய்ந்த
மூன்று பற்கள்.

தெக்லே விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார்.
டைமிங் கியர், என்றார்.
நார் கியர். இன்னும் நாலு உடைந்தால்
எங்கே நிற்கும் தெரியுமா?
தெரியும். ஜனவரியில், மைனஸ் இருபதில்,
ஹெர்னோசான்ட் தாண்டி,
லாரிகள் மட்டும் போகிற ராத்திரியில்.

ஒழுகியிருக்காவிட்டால் திறந்திருக்கவே மாட்டேன்.
வாரக்கணக்காய்த் தட்டு தட்டாய் அது எழுதியதைத்தான்
கறை என்று துடைத்துக்கொண்டிருந்தேனோ?
அப்படியெல்லாம் கார் நினைக்காது, என்றார் தெக்லே.
துருவுக்கு அறிவு கிடையாது.
சொல்லிவிட்டுத் தன் பிரேக்குக்குப் போய்விட்டார்.

ஆக, புதுத் தொட்டி இன்னும்
செய்தித்தாள் சுற்றியபடியே கிடக்கிறது.
கியர் தபாலில் வர ஒன்பது நாள்.
சங்கத்துக்கு ஒரு வரி எழுதினேன்:
சொட்டுவது நின்றுவிட்டது.
பொய் இல்லை. உள்ளே எண்ணெயே இல்லை.

பற்கள் சமையலறை ஜன்னலில், உப்புக்குப் பக்கத்தில்.
கீழே பதினான்காம் எண் காலி.
கறைமேல் முதல் பனி விழுகிறது.
வெண்டெலா வருகிறாள். குனிகிறாள்.
காரே இல்லாத இடத்தை
நாயைத் தூக்கிக்கொண்டு கடக்கிறாள்.