காது

ஒன்பது புள்ளி. ஒவ்வொன்றாய்ப் பார் என்கிறது பெட்டி.
பார்த்தேன். என் கண் அதற்குப் பிடிபட்டுவிட்டது.
ரெகுலா எங்கேயோ படித்துவிட்டு வந்திருக்கிறாள்:
புள்ளி, கோலம், உங்கள் ஊர்ப் பெண்கள்…
நான் கோலம் போட்டவள் இல்லை, ரெகுலா.
பதினோரு வருடம் பாசலில் பச்சை டிராம் ஓட்டினவள்.
எட்டாம் நம்பர்.

டிராமுக்குச் சுக்கான் கிடையாது.
தண்டவாளம் போகிற இடத்துக்குத்தான் போகலாம்.
ஓட்டுகிறவளின் வேலை பார்ப்பது,
பார்த்ததும் நிற்பாட்டுவது.

கை ஜனவரியில் போனது. குரல் ஈஸ்டருக்குள்.
கண் மட்டும் இன்னும்
சம்பளமில்லாமல் வேலைக்கு வருகிறது.

முதல் கிழமை கீறியதெல்லாம் கிறுக்கல்.
இடமிருந்து வலம் ஒரு நேர்கோடு, அவ்வளவுதான் கேட்டேன்.
கண் நடக்காதாம். பாயும்.
இங்கே ஒரு புள்ளி, அரைச் சாண் தள்ளி இன்னொன்று,
நடுவில் எங்கே இருந்தது என்று கேட்டால் பதில் இல்லை.
கீறியதைப் பார்க்கவும் வழியில்லை;
பார்த்தால் அதன்மேல் இன்னொரு கோடு விழும்.
பூனைக்கு மீசை சரியா என்று பார்த்தேன்,
மீசைக்குமேல் மீசை முளைத்தது.
என் படத்தை நானே ஓரக்கண்ணால் பார்க்கப் பழகினேன்,
அடுத்த வீட்டுச் சண்டையைப் பார்ப்பதுபோல.

“அசையாததன்மேல் கண் வழுக்காது,” என்றாள் ரெகுலா.
“ஓடுகிற ஒன்றைக் கொடுத்தால்தான் அதுவும் ஓடும்.”

ஜன்னலில் ரைன் இருந்தது.
கம்பியில் கட்டிய படகு, மோட்டார் இல்லை,
ஆறு தள்ளத் தள்ள
குறுக்கே போகும், குறுக்கே வரும்.
கருவியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.
படகின் மூக்கைப் பிடித்தேன்.

ஓடியது.
விக்கலில்லாமல், பாய்ச்சலில்லாமல்,
வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஒரு கோடு,
நான் கீறவில்லை,
ஆறும் கீறவில்லை.

பாதி ஆற்றில் தயாபரன் வந்தார்.
காப்புறுதிக் கடிதம் ஒரு கையில், கிப்ஃபெலி மறு கையில்,
சரியாக ஜன்னலுக்கும் எனக்கும் நடுவில் நின்றார்.
தள்ளுங்கோ என்று சொல்ல
பக்கத்துத் திரைக்குப் போகவேண்டும்,
எழுத்தெழுத்தாய்.
போனால் கோடு அறும்.
போகவில்லை.
படகு இருந்த இடத்தில் இப்போது அவர் காது.
அவர் மென்றார். தாடை ஏற, காதும்
கொஞ்சமே கொஞ்சம் ஏறி இறங்கியது.
கண் அதைப் பிடித்துக்கொண்டது.
இருபத்திரண்டு வருடத்தில்
அந்த மடலின் கீழ் ஒரு மச்சம் இருப்பது
எனக்குத் தெரியாது.

அவர் விலகியபோது படகு கரை சேர்ந்திருந்தது.

ரெகுலா அச்சடித்துக் கொடுத்தாள்.
நீளக் கோடு, நடுவில் ஒரு முடிச்சு.
“இது என்னப்பா, மலையா?” என்றார்.
திரைக்குப் போனேன்.
கா. து.
இன்னும் ஒரு சொல் எழுத இருந்தது,
அதற்குள் அவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்,
மற்றக் காதை.