அலுமினியத் தாள்

மலாவி, ஜோம்பா. பயிற்சியின் மூன்றாம் நாள்.
தகரக் கூரையில் மழை.
மின்சாரம் பத்தரைக்கே போய்விட்டது.

ஆளுக்கொரு உறை தந்தாள் அலினாஃபே,
புள்ளியியல்காரி, எங்களில் பாதிப்பேருக்கு இளையவள்.
"பிரிக்காமல் சொல்லுங்கள், உள்ளே என்ன?"

கைப்பேசி விளக்கில் பிடித்தோம்.
பதினான்கு மருத்துவருக்கும் தெரிந்தது:
மருந்து, இல்லையென்றால் மாவு மாத்திரை.
சிரித்தோம்.

ம்சுக்வா சிரிக்கவில்லை.
ஏரிக்கரை ஆஸ்பத்திரியில் இருபது வருஷம்.
"போன ஆய்வில் பார்த்தேன்" என்றார்.
"மூச்சிழுக்கும் குழந்தை வந்தால்
உறையை ஜன்னலுக்கு நேரே பிடிப்பேன்.
மாவு என்றால் கட்டின் அடியில் செருகிவிட்டு
அடுத்ததை எடுப்பேன்.
பதினோரு தடவை."

யாரும் பேசவில்லை.
நானும்.
எனக்கும் ஒரு தடவை உண்டு.

"பிழைத்தார்களா?"
"ஏழு பேர்."
"மருந்தாலா?"

வாயைத் திறந்தார், மூடினார்.
அது தெரியாமல்தானே
உறைகளையே ஒட்டினோம்.

அடியில் செருகியவை
பிறகு யார் கைக்குப் போயினவென்று
அவள் கேட்கவில்லை.
பலகையில் ஒரு கோடு இழுத்தாள்,
பாதியில் நிறுத்தினாள்.

மதியம் சமையலறையிலிருந்து
அலுமினியத் தாள் ஒரு சுருள் வந்தது,
கோழிக்கறி வாசனையோடு.
நறுக்கினோம், மடித்தோம், முந்நூறு உறைக்குள் வைத்தோம்.
என் கட்டைவிரலில் ஒரு கீறல்.
ம்சுக்வா மட்டும் ஒவ்வொரு மடிப்பையும்
நகத்தால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.

எல்லாம் ஒட்டி முடித்ததும்
மேலிருந்த ஒன்றை எடுத்து
ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.
மழை விட்டிருந்தது, நல்ல வெயில்.

"பழக்கம்" என்றார்.
வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தார்.
ஒன்றும் தெரியவில்லை.