கைமுதல்

கீழமாரட் வீதி வெங்காயக் கடையில்
பகலெல்லாம் அடுத்தவர் பணத்தை எண்ணுகிறேன்.
சாக்கு எடை, கழிவு, இறக்குகூலி, கமிஷன்.
ராத்திரி ஒன்பதரைக்கு மேல்
வில்லாபுரம் மாடியறையில்
என்னுடையதை எண்ணுகிறேன்.
மூவாயிரம் ரூபாய்.
நூறு ரூபாய் மேசையில்
முப்பது தடவை உட்காரலாம்.
முப்பதும் போனால் எழுந்துவிட வேண்டும் என்று
நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி
நானே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.
சாட்சிக்கு ஆளில்லை.

முதல் மாதம் எல்லாச் சீட்டும் எனக்கு உறவு.
ஆடுதனில் ஏழும் இரண்டும் வந்தால்கூட
கல்யாண மண்டப வாசலில் நிற்பவன் மாதிரி
வாங்க வாங்க என்று உள்ளே விட்டேன்.
எண்ணூறு போனது.

பிறகு படித்தேன்:
பத்துக் கையில் எட்டைக் கீழே போடுகிறவன்தான்
மேசையில் நிலைக்கிறான்.
படிக்க ஓர் இரவு போதும்.
பழக ஐந்து மாதம்.
சும்மா இருப்பதற்கு இத்தனை சாதகம் வேண்டுமென்று
எவனும் சொல்லவில்லை எனக்கு.

போடு. போடு.
கீழே தெருவில் பரோட்டாக் கல்லில்
இரண்டு கரண்டியும் கொத்தித் தீர்க்கின்றன.
போடு.
ராணியும் மூன்றும். அழகுதான். போடு.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை
இரண்டு ஏஸ் வைத்திருந்து தோற்றேன்,
கடைசிச் சீட்டாக வந்த ஒரு கிளாவர் ஐந்திடம்.
கணக்குப்படி நான் செய்தது சரி.
ஐந்தில் நாலு தடவை அது என் பணம்.
ஐந்தாவது தடவைக்குக் காது சுட்டது.
ஐந்நூறு ரூபாய் மேசைக்கு ஏறினேன்.
இருபதே நிமிடம்.

மறுநாள் கடைப் பேரேட்டின் மறைவில்
என் நோட்டில் புதிதாக ஒரு செலவுத் தலைப்பு சேர்த்தேன்:
கோபம் – 1,100.
தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த
தங்கப்பழம் அண்ணாச்சி கேட்டார்,
‘கோபம்னு யாருப்பா பார்ட்டி?
நமக்குப் பாக்கி வரணுமா?’
வராது அண்ணாச்சி என்றேன்.

அதற்கப்புறம் அந்தத் தலைப்பில்
இரண்டு தடவைதான் எழுத நேர்ந்தது.
இருநூறு. பிறகு நாற்பது.
நாற்பது ரூபாய்க் கோபம் எனக்குக் கட்டுப்படியாகும்.

பதினாலு மாதம்.
மூவாயிரம்
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஆகியிருக்கிறது.
வகுத்துப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது:
மணிக்கு இரண்டு ரூபாய் சொச்சம்.
செவ்வந்தியப்பன் ஒரு மூட்டை இறக்கி
முதுகு நிமிர்வதற்குள் இதைவிட அதிகம் வாங்குகிறான்.
ஆனாலும் அந்த நூற்றுப் பன்னிரண்டின்
கடைசிப் பன்னிரண்டைப் பார்க்கும்போது
நானே அடைகாத்தது போல இருக்கும்.

அதில் பாதிக்கு மேல் ஒரே ஆளிடமிருந்து வந்தது.
பெயர் தேனிரோஜா.
ஆணோ பெண்ணோ, தேனியோ என்னவோ.
சீட்டைக் கீழே போடவே தெரியாது.
எவ்வளவு ஏற்றினாலும் கூடவே வரும்,
கடைசிப் பேருந்தில் டிக்கெட் எடுத்துவிட்டவர் போல.
அவரிடம் பொய் சொல்லக் கூடாது,
நல்ல சீட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.
நோட்டில் ஒரு பக்கமே இருக்கிறது அவருக்கு.
தூங்கி எழுந்ததும் அவர் வந்திருக்கிறாரா என்றுதான்
என் கண் முதலில் தேடும்
என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நேற்று பதினொன்று ஐம்பத்தாறு.
பன்னிரண்டு அடித்தால் மேசையை மூடிவிடுவார்கள்.
என்னிடம் இரண்டு ஒன்பது.
நடுவில் ராஜா, ஒன்பது, நாலு,
பிறகு ஒரு இரண்டு,
கடைசியில் இன்னொரு ராஜா.
இருந்ததையெல்லாம் தள்ளினேன்.
அவர் யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்ததில்லை.
அரட்டைப் பெட்டியில் ஒரு வரி வந்தது:
‘சாப்டாச்சா’

பிறகு கூடவே வந்தார்,
கையில் ஒற்றை நாலை வைத்துக்கொண்டு.
நூற்றாறு ரூபாய்.

ஆச்சு, நீங்க என்று
நான் தட்டி முடிப்பதற்குள்
திரை கறுத்துவிட்டது.

வரவு 106 என்று எழுதினேன்.
எந்தத் தலைப்பில் என்று தெரியாமல்
பேனாவை மூடி, திறந்து, மூடி.
கீழே கல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள்.
நாலரைக்கு நாசிக் லாரி வரும்.