ஏழாம் எண்

மெழுகில் செய்த இடுப்பு ஒன்று இருக்கிறது.
தொடையோடு முடிந்துவிடும்.
மார்சேயிலிருந்து கப்பலில் வந்ததாம்,
வைக்கோல் சுற்றி.
எந்தக் கோடையிலோ உருகி
இடப்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கிறது.
அதற்குத் தமிழில் பெயர்ச்சீட்டு எழுத
மூன்று மாத ஒப்பந்தத்தில் என்னை எடுத்தார்கள்.

பதினான்கு ஊசிகள், பதினான்கு எண்கள்.
பிரெஞ்சுப் பட்டியலில் பதின்மூன்று பெயர்கள்.
ஆறுக்கு அடுத்தது எட்டு.
ஏழாம் ஊசி மட்டும்
உச்சியில், மடல்கள் கூடுமிடத்தில்
ஒன்றும் சொல்லாமல் குத்தி நிற்கிறது.

கருப்பை, சூலகம், கருக்குழல்
பாடநூலிலேயே கிடைத்தன,
சோப்புப் போட்டு அலசிய சொற்கள்.
ஏழுக்கு அகராதியில் தேடினேன்.
ஒன்று வடமொழிக் கோயில் போல இருந்தது.
இன்னொன்று வசவு.

டாக்டர் பெர்னதெத் சொன்னார்:
"ஏழை விட்டுவிடுங்கள்."
எண்ணைத்தான் சொன்னார்.
"பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் இடம்."
அப்படியானால் ஊசியைப் பிடுங்கிவிடவா என்றேன்.
"ஐயோ, அது பழம்பொருள்."

செவ்வாய்க்கிழமை
காடாம்புலியூரிலிருந்து ஒரு வேன் வந்தது.
முந்திரி உடைக்கும் பெண்கள், இருபத்திரண்டு பேர்.
மருத்துவ முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு
சாப்பாட்டுக்கு நேரமிருந்ததால்
இந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்டவர்கள்.
ஃபார்மலின் நெடிக்கு
ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.

பிரசவ இடுக்கிகளின் அலமாரியில்
சிரிப்பு கொஞ்சம் நின்றது.
"இத்த உள்ள வுட்டா புள்ளய இழுத்தாங்க?"
ஆமாம் என்றேன்.
"யார் புள்ளய?"
சீட்டில் அது இல்லை.

அஞ்சலாட்சி என்கிற ஒருத்தி மட்டும்
ஜாடி ஜாடியாகக் குனிந்துகொண்டிருந்தாள்,
ரேஷன் கடையில் தன் பையைத் தேடுகிறவள் மாதிரி.
"என்னுது இங்கதான வச்சிருப்பீங்க?"

பாண்டிச்சேரியில்தான் எடுத்தார்களாம்.
முப்பத்தொரு வயது.
வெள்ளைப்படுது என்று போனவளிடம்
கார்டு இருக்கா என்று கேட்டார்கள்.
இருந்தது.
"இட்லித் தட்டுல மூடி வச்சி
எம்புருசங்கிட்ட காட்னாங்களாம்.
எங்கிட்ட காட்டல."

பதிவேட்டைப் புரட்டினேன்.
எண், ஆண்டு, வயது, எத்தனை பேறு.
பெயருக்குப் பத்தியே கிடையாது.
இங்கே இருப்பதெல்லாம்
நீங்கள் பிறப்பதற்கு முந்தியவை, உங்களுடையது இருக்காது
என்று சொல்ல வாயெடுத்தபோது
அவள் நாற்பத்தோராம் ஜாடியின் முன் நின்றிருந்தாள்.
தோட்டெண்ணெயில் வெந்து
ரேகை அழிந்த விரலைக் கண்ணாடியில் வைத்து
"இம்மாத்துண்டா?" என்றாள்.
"எத்தினி கிராமு?"

எண்பது இருக்கும்.

மனசுக்குள் நிறுத்துப் பார்த்தாள்.
"எண்பது கிராம் பருப்பு
ஒரு டீ ஆறுறதுக்குள்ள உடைச்சிருவேன்."
பிறகு, என்னிடம் இல்லை, ஜாடியிடம்:
"இதுக்கா மாசாமாசம் அந்த ஆட்டம் ஆடின."

வேன் ஹாரன் அடித்தது.
கீழே படிகளில் செருப்புகள்.
அவள் மெழுகு இடுப்பைத் தாண்டிப் போகிறபோது
எனக்கு என்ன தோன்றியதோ,
ஏழாம் ஊசியைக் காட்டி
இதை உங்கள் பக்கம் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன்.

முதலில் என்னைப் பார்த்தாள்,
கல்யாணம் ஆகாதவளா என்பதுபோல.
பிறகு காவலாளியைப் பார்த்தாள்.
அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு
காதோரம் வந்து சொன்னாள்.

இரண்டே அசை.
வசவு இல்லை, கோயிலும் இல்லை.
ஏதோ காயின் பெயரும் அதற்குள் இருந்தது.
இருவரும் சிரித்த சத்தத்தில்
காவலாளி திரும்பினார்.

டாக்டரிடம் எழுதிக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அகராதியில் இருக்கிறதா?"
இல்லை.
"ஆதாரம்?"
அஞ்சலாட்சி, காடாம்புலியூர் என்றேன்.
சீட்டை என் பக்கமே தள்ளிவிட்டார்.
ஆனால் கிழிக்கவில்லை.

ஒப்பந்தம் வெள்ளியோடு முடிந்தது.
பதின்மூன்று சீட்டுகளையும் ஒட்டினேன்.
ஏழாவதைப் பென்சிலில் எழுதி
எழுத்துப்பக்கம் கீழே இருக்கும்படி
மெழுகுக்கு அடியில் செருகிவிட்டு வந்தேன்.
மெழுகு, வெயில் வந்தால் இளகும்.