கட்டம்

அனுப்பர்பாளையம் பள்ளியில்
ஐம்பது மீட்டர் ஓட
ஐம்பது மீட்டர் கிடையாது.
புது வகுப்பறைக்குக் கொட்டிய ஜல்லி
மைதானத்தைத் தின்றதுபோக மிச்சம்
கழிப்பறைச் சுவரோரம் பதினோரடி.

மேலிருந்து வந்த படிவமோ கேட்கிறது:
ஓட்டம் எத்தனை நொடி?
தாண்டல் எத்தனை சென்டிமீட்டர்?

சாக்பீஸ் எடுத்துப் பாண்டி கீறினேன்.
எட்டுக் கட்டம்.
கணக்கு டீச்சர் பீரியடைக் கடன் கேட்குமுன்
ஏழாம் வகுப்பை வெளியே இழுத்துவிட்டேன்.

ரிங்கி குமாரி, ஆடியில் வந்து சேர்ந்தவள்,
அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக்.
நாலு மாதமாய்
'உள்ளேன்' தவிர வேறு தமிழ் பேசாதவள்
கோட்டைப் பார்த்ததும் "கித்கித்" என்றாள்.
சில்லை எறிந்தாள்.
ஒற்றைக்காலில் போய் ஒற்றைக்காலில் வந்தாள்,
ஒரு கோடும் மிதிக்காமல்.

அடுத்து கவினேஷ்.
எடை அறுபத்தொன்று, அது படிவத்துக்கே தெரியும்.
மூன்றாம் கட்டத்தில் இரண்டு காலும் ஊன்றி
"எளைக்குதுங்க மிஸ்."
"செரி, சித்த நின்னு போ."

அடுத்த செவ்வாய் ஐந்து.
அதற்கடுத்த செவ்வாய் நாலுதான்.
பிறகு ஒரு வாரம் மழை,
கட்டமெல்லாம் கரைந்து சாக்கடைக்குப் போனது.
நேற்று ஏழு.
எட்டில் விழுந்து, முட்டி சிராய்த்து,
எழுந்ததும் கேட்டான்
சில்லு எங்கே என்று.

படிவம் நிரப்ப உட்கார்கிறேன்.
கவினேஷ். ஓட்டம்: கோடு.
தாண்டல்: கோடு.
கடைசியில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
ஒரு சில்லு விழவும் இடமில்லை.
நுணுக்கி எழுதுகிறேன்:

வலக்காலில் ஏழு.
இடக்காலில் இன்னும் பார்க்கவில்லை.