மூன்றாவது காய்

எட்டாம் இலக்க ட்ராம்
பார்ஃபூசர்பிளாட்ஸில் நிற்கும் நேரம்
நாற்பது விநாடி.
வயிற்றுக்கு அது தெரியாது.
பதினொரு வருடமாக அதற்கு
நேர அட்டவணை படிப்பித்துப் பார்க்கிறேன்.
ஓட்டுநர் பரீட்சையில்
நான் ஒரே தரத்தில் பாஸ்.
அது இன்னும் பெயில்.

பகல் பணியில் நாலு மணித்தியாலம்
தண்ணீர் குடிப்பதில்லை.
குடித்தால், கிளைன்ஹூனிங்கனில்
சாவி போட்ட கழிவறை வரும்வரை
முழங்காலை முழங்காலோடு ஒட்டி
மணியடித்துக்கொண்டே போகவேண்டும்.
அதனால் வறட்சி.
அதனால் ஞாயிறு முழுவதும்
குளியலறைக் கதவுக்கு வெளியே நிமலேந்திரன்:
"உயிரோட இருக்கிறீரா?"

கம்பனி டொக்டர் ஸ்டூடர் அம்மா
இரத்தம் பார்த்தார், குடல் பார்த்தார்,
"எல்லாம் ஒழுங்கு. தண்ணீர் குடியுங்கள்."
அவருடைய ஜன்னலுக்கு அப்பால்
உலகத்துக்கே மாத்திரை உருட்டும்
வெள்ளைக் கோபுரம்
படிப்படியாய் முகிலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

நான் கீழே இறங்கித்
தமிழ்க்கடைக்கு நடந்தேன்.
அப்பளத்துக்கும் தலைமயிர்ச் சாயத்துக்கும் நடுவில்
திரிபலா, நூறு கிராம்,
ஏழு பிராங் இருபது.

அரைத் தேக்கரண்டி. இளஞ்சூட்டுத் தண்ணீர்.
படுக்கப் போகுமுன்.
முதல் மிடறில் முகம் தானாய்ச் சுருங்கும்,
சீட்டுக்காசு தரவேண்டியவளைச்
சந்தியில் கண்டதுபோல.
துவர்ப்பு, புளிப்பு, கசப்பு, உறைப்பு,
எங்கோ அடியில் கொஞ்சம் இனிப்பு.
ஆறில் உப்பு ஒன்றுதான் இல்லை.
அதைச் சிப்ஸ் பைக்கற் ஏற்கெனவே தந்துவிட்டது.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை.
ஒன்பதாம் நாள், விடியப்புறம் மூன்று ஐம்பதுக்கு,
மரியாதையாக
ஒரு தட்டு உள்ளேயிருந்து.
அவ்வளவுதான்.

தூளைக் கரைக்கிற சாக்கில்
இரவில் ஒரு குவளை வெந்நீர்,
விடியலில் அவசரமில்லாத பத்து நிமிடம்,
இரண்டும் எனக்குக் கிடைத்திருந்தன.
கடுக்காய் எனக்குக் கொடுத்த கடுக்காய்
இதுவாகவும் இருக்கலாம்.

சனிக்கிழமை லீவு.
எல்லைக்கு அந்தப் பக்கம், வைலில்,
தயிரும் கோழியும் வாங்கித்
திரும்பும் ட்ராமில் பயணியாய் இருந்தேன்.
சுங்கத்துப் பொடியன் ஏறினான்.
கோழியை நிறுத்துப் பார்த்தான், கண்ணாலேயே.
பிறகு கைப்பை. ஜாம் போத்தல். மண்நிறத் தூள்.
"இது?"
"மூன்று பழம்."
"எந்த மூன்று?"

நெல்லி சுலபம்.
இந்திய ஸ்டாஹெல்பேரே என்றேன்,
உள்ளங்கையை விரித்தும் காட்டினேன்.
கடுக்காய்க்கு,
ஒருவரை ஏமாற்றினால் நாங்கள் என்ன சொல்வோமென்று
விளக்கத் தொடங்கி,
சீருடையைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது தான்றி.
தான்றிக்கு என்னிடம் ஒன்றுமில்லை.
பழமொழி இல்லை, ஜெர்மன் இல்லை,
மரத்தைக் கண்ட ஞாபகமும் இல்லை.
பெயர்ப்பலகை இல்லாத தரிப்பிடம்.
ஒவ்வொரு இரவும் அதில் நிற்கிறேன்,
யார் ஏறுகிறார்கள் என்று பார்க்காமலே
கதவைச் சாத்துகிறேன்.

"தெரியாது," என்றேன்.
"ஆனால் அது இல்லாமல் இது இல்லை."

அவன் மூடி திறந்து மணந்தான்.
கண்ணடியில் இரவுப்பணியின் கருமை.
கூட வந்தவன் அடுத்த பெட்டிக்குப் போகும்வரை
காத்திருந்து, குரலைத் தாழ்த்தி:
"வேலை செய்யுமா?"

"மெதுவாக.
முதலில் உன் டொக்டரைக் கேள்.
தண்ணீர் குடி."
சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது,
அது ஸ்டூடர் அம்மாவின் குரல்.

போத்தலைத் தந்தான்.
விரல் நுனியில் ஒட்டியிருந்ததை
அவன் துடைக்கவில்லை.

ட்ராம் அசைந்தது.
இன்றைக்கு ஓட்டுவது உர்ஸ்.
வளைவில் வழமையைவிட வேகமாய்த் திருப்புகிறான்,
தேவையில்லாமல் மணியடிக்கிறான்.

கிளைன்ஹூனிங்கனுக்கு
இன்னும் ஒரு தரிப்புத்தான், தம்பி.
பொறு.